கோணமலையின் வானம் யாருக்குச் சொந்தம்?

சென்ற தைப்பொங்கலுக்குத் திருகோணமலைக்குப் போயிருந்தேன். பொங்கலுக்கு மறுநாள் மாலை, அக்காவின் வீட்டு மேல்மாடியில் இருந்தபடியே சீனன்குடா விமானத் தளத்திலிருந்து ஒரு சிறு விமானத்தைக் கிளப்பினேன். அறையின் மூலையில் நெல் மூட்டைகள் இருந்தன. சன்னலோரக் கொடியில் துணிகள் காய்ந்தன. அவை எவையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மருமகன் என் தலையில் மாட்டிவிட்ட மெய்நிகர்த் தலையணி அவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓடுபாதையையும் வானத்தையும் கொண்டுவந்து வைத்திருந்தது.

"மாமா, கதிரையை விட்டு எழும்பாதேங்கோ. தலையை மட்டும் திருப்பிப் பாருங்கோ" என்றான் அவன். திருப்பினேன். இடப்புறம் விமானத்தின் சிறகு தெரிந்தது. குனிந்தால் கருவிப்பலகை. முன்னே சாய்ந்தால் அதன் எழுத்துகள் கிட்ட வந்தன. சில விநாடிகளில் நிலம் கீழே நழுவியது. கைவிரல்களை விரித்து வைத்தாற்போலக் கிளை பிரிந்து கிடக்கும் உள்துறைமுகம், அதன் தீவுகள், காட்டுக்குள் வட்ட வட்டமாக எண்ணெய்க் குதங்கள், கிழக்கே கடலுக்குள் தலைநீட்டும் சுவாமி மலை, தெற்கே கொட்டியாரக்குடா, அதற்கப்பால் மூதூரும் சம்பூரும். பிறந்து வளர்ந்த ஊரை முழுமையாகப் பார்க்க எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அதுவும் கணினி வரைந்த ஊர்.

இறங்கிய பின்னரும், அதாவது தலையணியைக் கழற்றிய பின்னரும், ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. இந்தக் காட்சியை எனக்கு முன்னே கண்டவர்கள் யார்? எதற்காகக் கண்டார்கள்? அந்தக் கேள்வியின் பின்னே போனதில் விளைந்ததே இக்கட்டுரை.

மேலிருந்து பார்த்தவர்கள்

காணாத ஊரைக் கண்முன் கொண்டுவரும் வித்தை நமக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் கடல் கடந்து ஈழத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. இராமேசுவரத்தில் இருந்தவாறே கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்பது சேக்கிழார் கூற்று. ஆயினும் அவருடைய கோணமலைப் பதிகத்தில் கடலின் இரைச்சலும் உண்டு. கரையேறும் முத்தும் உண்டு. அவர் பார்த்தது கும்பிடுவதற்காக.

அவருக்குப் பின் வந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு அதே முனையில் கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவரும் அந்தப் பாறையின் மீது நின்று நோக்கியது துறைமுகத்தைத்தான். பாறையின் உயரம் போதாதென்று ஆனபோது விமானம் வந்தது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலை ஏழரை மணியளவில் ஜப்பானியப் போர்விமானங்கள் திருகோணமலையின் மீது தோன்றின. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கிழக்குக் கடலில் நின்றன. குண்டுவீச்சு விமானங்களை நடத்தி வந்தவர் மிட்சுவோ புச்சிடா. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தின் மீது தாக்குதலை வழிநடத்தியவரும் அவரே. நான்கு நாள் முன்னதாக, உயிர்த்த ஞாயிறன்று, இதே படை கொழும்பைத் தாக்கியிருந்தது. கொழும்பு எதிர்பாராமல் அடிபட்டது. திருகோணமலையின் ராடார் நிலையமோ அவர்கள் வருவதைத் தொலைவிலேயே கண்டுகொண்டது. சீனன்குடாவிலிருந்து வேத்து விமானப்படையின் 261ஆம் அணி ஹரிக்கேன் விமானங்களில் எழுந்து எதிர்கொண்டது. எழுந்தவற்றுள் ஏறத்தாழப் பாதி திரும்பவில்லை.

துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு முதல்நாள் இரவே வெளியேறும்படி கட்டளை பிறந்திருந்தது. அப்படி வெளியேறியவற்றுள் ஒன்று 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கி. அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானமில்லாத விமானந்தாங்கியாக அது மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டு மூழ்கியது. அதனோடு 307 பேர் மாண்டனர். துணைக்குச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான 'வாம்பயர்' என்பதும் அன்றே மூழ்கிற்று. துறைமுகத்துக்குள் தீப்பற்றிய சரக்குக் கப்பலான 'சகாயிங்' கைவிடப்பட்டு, அடுத்த ஆண்டில் அங்கேயே அமிழ்த்தப்பட்டது. 2018இல் கடற்படைச் சுழியோடிகள் பல மாத உழைப்பின் பின் அதனைத் தூக்கியெடுத்தபோது, முக்கால் நூற்றாண்டு நீருக்குள் கிடந்த இரும்பைப் பார்க்க ஊரே ஆவல் கொண்டது.

எண்ணெய்க் குதமொன்றில் ஜப்பானிய விமானம் ஒன்று மோதி வெடித்ததாகவும், அந்தத் தீ ஏழு நாள் அணையவில்லை என்றும் ஊரில் சொல்லுவார்கள். என் அப்பாச்சி அந்தக் கதையை வேறுவிதமாகச் சொல்லுவார். அப்பப்பா டொக்யாட்டில் வேலை. குண்டு விழுந்ததும் தொழிலாளர்கள் கிடைத்த வழியால் ஓடினார்கள். அப்பாச்சி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தார். "திரும்பிப் பார்த்தால் வானம் கறுத்துப் போய்க் கிடந்தது, மழைக்கோலம் என்று நினைத்தேன்" என்பார். அவருடைய ஏப்ரல் 9இல் அட்மிரலும் இல்லை, அணி எண்களும் இல்லை. கறுத்த வானமும் பிள்ளைகளின் பசியுமே இருந்தன. புச்சிடா மேலிருந்து கண்ட அதே காலையை அவர் கீழிருந்து கண்டார். வரலாற்று நூல்களில் ஏறியது மேலிருந்து கண்ட காலைதான்.

அதன் பிறகும் இந்த வானம் படைகளின் வானமாகவே இருந்தது. 1944 ஏப்ரலில் சுமாத்திராவின் முனையிலுள்ள சபாங்கைத் தாக்குவதற்காக பிரித்தானிய, அமெரிக்க விமானந்தாங்கிகள் இத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அந்நடவடிக்கைக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'கொக்பிட்', அதாவது விமானியறை. 1957இல் பிரித்தானியர் தளங்களைக் கையளித்துவிட்டுப் போயினர். சீனன்குடா பின்னர் இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்விக்கழகமாயிற்று. உள்நாட்டுப் போரில் 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கின் மீது அரச விமானங்கள் குண்டு வீசின. 2008 ஆகஸ்ட் 26ஆம் திகதி இரவு புலிகளின் சிறு விமானங்கள் கடற்படைத் தளத்தின் மீது குண்டு வீசின. தரப்புகள் மாறின, மேலே பறப்பவன் கையில் குண்டு, கீழே நிற்பவன் பதுங்குகுழியில் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்ட வானத்தில்தான், கையில் தேநீரோடு, நான் அந்த மாலை பறந்தேன். என்னை அங்கே ஏற்றிவிட்ட கருவியின் பூர்வீகத்தையும் பார்த்துவிடுவது நல்லது. அதுவும் போரோடு பிணைந்த பூர்வீகமே.

ஆர்மோனியத் துருத்தியும் ஆகாய விமானமும்

அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஓர்கனும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் எட்வின் லிங்க். இளம் வயதிலேயே விமானம் ஓட்டும் ஆசை. பாடம் கற்கும் கட்டணமோ கட்டுப்படியாகாதது. நம்மூர் ஆர்மோனியத்தில் காற்றைச் செலுத்தும் துருத்தியைப் போன்றதே ஓர்கனிலும் இருப்பது. அந்தத் துருத்திகளை ஒரு சிறு மரப்பெட்டிக்கு அடியில் பொருத்தி, உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் பெட்டி சரியவும் சாயவும் திரும்பவும் செய்தார். 1929இல் உருவான இந்த 'லிங்க் பயிற்சிக் கருவி'யை விமானப்படையினர் முதலில் பொருட்படுத்தவில்லை. களியாட்டப் பூங்காக்களே காசு கொடுத்து வாங்கின.

1934இல் நிலைமை மாறிற்று. அமெரிக்க அரசு விமான அஞ்சல் சேவையை இராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தது. இரவிலும் பனிமூட்டத்திலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து பழகாத அந்த இளைஞர்களில் ஒரு டசினளவு பேர் சில மாதங்களுக்குள் இறந்தனர். அப்போது, மற்றவர்கள் தரையிறங்க அஞ்சிய மூடுபனி நாளொன்றில், லிங்க் தம் விமானத்தைக் கருவிகளின் துணைகொண்டே ஓட்டிவந்து அதிகாரிகள் முன் இறங்கிக் காட்டினார் என்பர். இராணுவம் ஆறு கருவிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் விமானிகள் பல இலட்சம் பேர் அந்த நீலப்பெட்டிக்குள் அமர்ந்து பயின்றனர். அதலாந்திக்கை இரவில் கடக்க வேண்டிய பிரித்தானிய விமானிகளுக்காக, 45 அடி உயரமான கூண்டுக்குள் செயற்கை விண்மீன்கள் நகரும் பயிற்சிக் கூடத்தையும் லிங்க் அமைத்தார். இருந்த இடத்தில் இருந்துகொண்டு இல்லாத வானத்தைப் பார்ப்பது அன்றே தொடங்கிவிட்டது.

இதனை வேடிக்கை என்று ஒதுக்குவோர் சீனன்குடாவை நினைத்துப் பார்க்கவேண்டும். 2023 ஆகஸ்டில் அந்தத் தளத்தில் பி.ரி.6 ரகப் பயிற்சி விமானம் ஒன்று வீழ்ந்து, அதிலிருந்த இருவரும் மாண்டனர். 2020 டிசம்பரில் அங்கிருந்து எழுந்த அதே ரக விமானம் ஒன்று கந்தளாய்ப் பக்கத்தில் வீழ்ந்து ஒரு பயிற்சி விமானியைப் பலிகொண்டது. எல்லா விபத்தையும் பெட்டிக்குள் கற்றுத் தவிர்த்துவிட முடியாது. ஆனால் தவறு செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் தவறுக்கு விலை உயிராக இருக்கக்கூடாது என்ற எண்ணமே இக்கருவிகளின் தாய்.

தலையில் ஏறிய திரை

லிங்க்கின் பெட்டி உடலை அசைத்தது, கண்ணை ஏமாற்றவில்லை. கண்ணுக்கான வேலை அறுபதுகளில் தொடங்கிற்று. அமெரிக்காவின் பெல் ஹெலிகொப்டர் நிறுவனத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஹெலிகொப்டரின் அடியில் இருளிலும் பார்க்கவல்ல ஒரு கமெராவைப் பொருத்தி, விமானியின் தலை திரும்பும் பக்கமெல்லாம் அது திரும்பும்படி செய்தனர். கமெரா காண்பது விமானியின் கண்முன் சிறு திரையில் தெரியும். இருட்டில், கரடுமுரடான நிலத்தில் இறங்க அது உதவிற்று. இதனை அறிந்த இவான் சதர்லாண்ட் என்ற பேராசிரியர், கமெராவுக்குப் பதிலாகக் கணினியை வைத்தால் என்ன என்று எண்ணினார். 1968இல் அவர் ஹார்வர்ட்டில் செய்துகாட்டிய தலையணி, கூரையிலிருந்து தொங்கும் இரும்புக் கையில் பொருத்தப்பட்டிருந்தது. காட்டியதோ வெறும் கோடுகளாலான ஒரு சதுரப் பெட்டி. ஆயினும் தலையைத் திருப்பினால் அதன் மறுபக்கம் தெரிந்தது.

அதற்கடுத்த இருபது ஆண்டுகள் இக்கலையை வளர்த்தது அமெரிக்க விமானப்படை. அங்கே பணியாற்றிய தோமஸ் ஃபர்னஸ், போர்விமானத்தின் எண்ணற்ற மானிகளையும் பொத்தான்களையும் ஒரே காட்சியாக்கி விமானியின் தலைக்கவசத்துக்குள் கொண்டுவர முயன்றார். 1982 அளவில் அவர் செய்த பெருந்தலைக்கவசத்தை அணிந்தவர், அறையில் அமர்ந்தபடியே கணினி வரைந்த நிலத்தின் மேலே பறந்தார். பின்னாளில் அவரே படையை விட்டு விலகி, இந்தக் கருவியைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திருப்பும் ஆய்வகம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் நிறுவினார்.

இது வீட்டுக்குள் வரக் கைப்பேசி காரணமாயிற்று. சிறிய கூர்மையான திரைகளும், சாய்வை அறியும் நுண்ணுணரிகளும் கைப்பேசிக்காகக் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி மலிந்தன. அவற்றைக் கொண்டு பாமர் லக்கி என்ற இளைஞர் செய்த 'ஒக்கியுலஸ்' தலையணி, 2012இல் பொதுமக்களிடம் இணையவழி பணம் திரட்டிற்று. 2014இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை 200 கோடி டொலர் அளவில் வாங்கியது. 2016இல் அது கடைக்கு வந்தது.

தத்துவம் எளியது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள், இடையில் வில்லைகள். மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. தலை அசைந்தால் அசைவை உணரிகளும் சிறு கமெராக்களும் அளந்து சொல்ல, கணினி புதுப் படத்தை வரைகிறது. இது ஒரு விநாடிக்கு 90 தடவை அளவில் நிகழவேண்டும். அசைவுக்கும் படத்துக்கும் இடையே ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு தாமதித்தாலே சிலருக்குத் தலை சுற்றும். கண் 'திரும்புகிறோம்' என்கிறது. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு 'கதிரையில் இருக்கிறோம்' என்கிறது. இந்த வழக்கில் வயிறு தண்டனை அனுபவிக்கிறது. நானும் மூன்றாவது திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆனால் மேசைத்திரையில் ஓட்டுவோருக்குக் கிட்டாத ஒன்று இதில் கிட்டுகிறது. தரையிறங்க வரும் விமானி ஓடுபாதையைச் சுற்றி வரும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தே எங்கே திரும்புவது என முடிவு செய்கிறான். திரையில் அதற்குப் பொத்தானை அழுத்தவேண்டும். இங்கே தலையைத் திருப்பினால் போதும். நிலம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதையும் கண் தானாக உணர்கிறது. குறையும் உண்டு. தன் கையும் மேசையிலுள்ள விசைகளும் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். விமானம் கிளம்புகையில் உடலை அழுத்தும் விசையும் இல்லை. எனினும் 2021இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம், சிறு ஹெலிகொப்டருக்கான மெய்நிகர்ப் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு முதன்முதலாக அங்கீகாரம் அளித்தது. விளையாட்டுப்பொருள் பாடசாலைக்குள் நுழைந்த நாள் அது.

வீட்டுக்குள் ஓர் உலகம்

கருவி இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, அது காட்டவேண்டிய உலகத்தை வேறு சிலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இலினோய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் எழுதிய பறப்புச் செயலியை மைக்ரோசொஃப்ட் 1982இல் வெளியிட்டது. கோடுகளாலான வயலும் சில நகரங்களின் கட்டடங்களுமே அதன் உலகம். பறப்பு தொடங்கும் இடம், சிகாகோவின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் என்ற சிறு விமான நிலையம். உலகெங்கும் எத்தனையோ பேர் தங்கள் முதற்பறப்பை அங்கிருந்து தொடங்கினார்கள். 2003 மார்ச்சில் ஓர் இரவு, அந்நகர மேயரின் உத்தரவின்படி இயந்திரங்கள் வந்து அதன் ஓடுபாதையைக் கிளறிப் பாழாக்கின. இன்று அது பூங்கா. ஆனால் செயலிக்குள் அந்த நிலையத்தை ஆர்வலர்கள் மீண்டும் மீண்டும் கட்டியெழுப்பி வைத்திருக்கிறார்கள். மண்ணில் அழிந்த ஓர் இடம் கணினியில் பிழைத்துக் கிடக்கிறது.

2005இல் கூகுள் எர்த் வந்தது. செய்மதி எடுத்த படங்களால் உலகத்தைப் போர்த்தி, காசில்லாமல் எவரும் பார்க்கலாம் என்றார்கள். அவ்வாண்டே அதுபற்றிக் கவலை தெரிவித்தவர் அப்போதைய இந்தியக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். இராமேசுவரத்துச் சிறுவனாகப் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவர், விமானப்படையில் விமானியாகச் சேர முயன்று ஓரிடம் பின்தங்கியதால் வாய்ப்பிழந்தவர், மறு ஆண்டு தமது 74ஆம் வயதில் சுகோய் போர்விமானத்தில் பறந்து அந்தக் கனவை நிறைவேற்றிக்கொண்டவர் அவர். பறப்பின் ஆசையை அறிந்தவருக்கே, மேலிருந்து பார்க்கும் கண்ணின் அபாயமும் தெரிந்திருந்தது. நாட்டின் காவல் என்ற நோக்கில் அவர் கவலை நியாயமானது. ஆனால் அதே கண்ணுக்கு இன்னொரு பயனும் இருந்ததை நான் சம்பூரில் அறிந்தேன்.

2006இல் மூதூர் கிழக்கில் போர் வெடித்தபோது சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். செப்டெம்பர் முதல் வாரத்தில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. 2007 மே மாதம் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தனர். ஊர் சில மைல் தூரத்தில்தான், ஆனால் போகமுடியாது. அங்கே அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே மக்கள் திரும்பினர்.

அந்த வர்த்தமானி வெளிவந்த அதே 2007ஆம் ஆண்டின் ஆகஸ்டில், கூகுள் எர்த்துக்குள் ஒரு பறப்பு விளையாட்டையும் மறைத்து வைத்து வெளியிட்டார்கள். குறிப்பிட்ட மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் விமானியறை திறக்கும். சம்பூரைச் சேர்ந்த ஒரு நண்பர் அப்போது இலண்டனில் இருந்தார். அவருடைய தந்தை கிளிவெட்டி முகாமில். இரவு வேலை முடிந்து வந்தபின், சீனன்குடாவிலிருந்து விமானத்தைக் கிளப்பிக் கொட்டியாரக்குடாவைக் கடந்து தம் ஊருக்கு மேலே வட்டமடிப்பாராம். குண்டு போடவல்ல போர்விமானம் ஒன்றும், பயணிகளுக்கான சிறு விமானம் ஒன்றும் அந்த விளையாட்டில் இருந்தன. தாம் ஒருநாளும் முதலாவதைத் தெரிவு செய்ததில்லை என்றார். "வீட்டுக் கூரை இருக்கிறதா என்று பார்ப்பேன். படம் பழையது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். மறுநாள் அப்பாவுக்குப் போன் எடுத்து, கிணற்றடித் தென்னை நிற்கிறது என்று சொல்லுவேன்."

அந்தத் தென்னை நிற்கவில்லை என்பது, 2016இல் திரும்பிப் போனபோதுதான் தெரிந்தது. தந்தை அதற்குள் காலமாகிவிட்டார். நண்பர் இதனைச் சொல்லும்போது, தான் தந்தைக்குப் பொய் சொல்லிவிட்டதாக வருந்தினார். நான் அப்படிக் கருதவில்லை. சிறையிலிருப்பவனுக்கு வீட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டுபவன், அது எத்தனை நாள் பழைய கடிதம் என்று பார்ப்பதில்லை. ஆனாலும் வலயத்தின் வேலிக்கு அப்பாலிருந்த ஊரைப் பார்க்கும் உரிமை ஒரு மகனுக்குக் கிடைத்தது அந்த விளையாட்டினால்தான் என்பதையும், அது முழு உண்மையைக் காட்டவில்லை என்பதையும் ஒருசேர நினைவிற் கொள்ளவேண்டியிருக்கிறது.

கூரையும் பெயரும்

இன்றைய செயலிகள் அன்றையவற்றை விடப் பன்மடங்கு வல்லவை. 2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசொஃப்டின் புதிய பறப்புச் செயலி உலகம் முழுவதையும் உள்ளடக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் அதைத் தலையணி வழியாகவும் பார்க்கக்கூடியதாயிற்று. ஆனால் பெருநகரங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு சிற்றூர்களுக்குக் கிடைப்பதில்லை. பெருநகரங்களை விமானத்திலிருந்து பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணத்தில் கட்டுகிறார்கள். மற்ற இடங்களில் செய்மதிப் படத்திலுள்ள கூரையைப் பார்த்து, இதன் கீழே இப்படியொரு கட்டடம் இருக்கலாம் என்று கணினி ஊகிக்கிறது. அப்படி ஊகித்து பக்கிங்ஹாம் அரண்மனையையே ஓர் அலுவலகக் கட்டடம்போல அது கட்டிவைத்ததைக் கண்டு 2020இல் உலகம் சிரித்தது.

நான் அணிந்த கருவியிலும் அதுவே நேர்ந்தது. சுவாமி மலை இருந்தது. கீழே அலை அடித்தது. கோணேசர் கோயில் இருக்கவேண்டிய இடத்திலோ, எந்த ஊரிலும் இருக்கக்கூடிய சில கூரைகளே இருந்தன. 1622இல் இடிக்கப்பட்டு, 1956இல் கடலடியில் கோயிற்சிதைவுகளைச் சுழியோடிகள் கண்டெடுத்து, 1963இல் குடமுழுக்குக் கண்ட கோயில், கணினியின் ஊகத்துக்கு எட்டவில்லை.

எனக்குப் பின் அக்கா அணிந்தாள். அறுபதைக் கடந்தவள், வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. பயந்துபோய்க் கழற்றிவிடுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கழற்றவில்லை. "தம்பி, பள்ளிக்கூடம் எங்கே? சந்தை எங்கே? எல்லாம் ஒரே மாதிரி இருக்குது" என்றாள். பிறகு கையை நீட்டி, வெறுங்காற்றில் ஓரிடத்தைத் தொட்டு, "இது அப்பாச்சி இருந்த ஒழுங்கை. இந்த வளைவுதான்" என்றாள். அங்கே எழுத்தொன்றும் இல்லை. கூரைகளுக்கு நடுவே ஒரு கோடு, அவ்வளவே. கணினிக்கு அது கோடு, அவளுக்கு ஒழுங்கை. கந்தளாய்க்கு நடந்துபோன கதை தொடங்குமிடமும் அதுதான்.

மருமகனுக்கு அந்தக் கதை தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. விமானத்தின் பெயர், அதன் எஞ்சினின் வலு, ஓடுபாதையின் நீளம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். தான் நாள்தோறும் கிளம்பும் அந்தத் தளத்திலிருந்து 1942இல் கிளம்பித் திரும்பாதவர்களை அவன் அறிந்திருக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அக்காவும் நானுமாக அவனுக்குச் சொன்னோம். தலையணியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து மணிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் எனக்கு ஒரு செய்தி சொன்னான். அந்தச் செயலிகள் கட்டடங்களைக் கட்டும்போது, எவரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்திலிருந்தும் தகவலை எடுக்கின்றனவாம். மெல்பேர்னில் ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு மாடி என்பதற்குப் பதில் 212 மாடி என்று யாரோ ஒரு மாணவர் தவறாகத் தட்டிவிட, 2020இல் அச்செயலியில் வானளாவிய கோபுரம் ஒன்று அங்கே முளைத்ததாம். ஒருவருடைய கவனக்குறைவு இல்லாத கோபுரத்தை எழுப்புமென்றால், ஒருவருடைய கவனம் உள்ள கோபுரத்தையும் எழுப்பலாம் அல்லவா என்று கேட்டேன். "அதைத்தான் மாமா யோசிக்கிறேன்" என்றான்.

அவனும் அக்காவும் இப்போது வார இறுதிகளில் அந்த வரைபடத்தில் வேலை செய்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல அவன் பதிகிறான். ஒழுங்கைகள், சிறு கோயில்கள், பள்ளிவாசல்கள், மீன் இறங்குதுறை, பொதுக்கிணறு. இலண்டன் நண்பருக்கும் எழுதினேன். சம்பூரில் இருந்த குளங்களின் பெயர்களையும் குறிச்சிகளின் பெயர்களையும் அனுப்பத் தொடங்கியிருக்கிறார். இடம்பெயர்ந்து உலகெங்கும் வாழும் வாசகர்கள் தத்தம் ஊருக்கு இதனைச் செய்யலாம். பெயர் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நெடுங்காலம் இருக்கமாட்டார்கள்.

அக்கா கடைசியாகச் சொல்லிப் பதியவைத்தது ஒரு புளியமரம். வரைபடத்தில் மரத்துக்கும் பெயரிட இடமுண்டாம். 1942இல் கந்தளாய்க்குப் போகும் வழியில் அப்பாச்சி பிள்ளைகளை இருத்தி இளைப்பாற்றிய மரமென்று எங்கள் வீட்டில் சொல்லப்படுவது அது. மரம் நிற்கிறதா என்று முதலில் போய்ப் பார்க்கவேண்டுமென்று மருமகன் சொன்னானாம். அடுத்த ஞாயிறு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள்.